படிவத்தில் எழுதியது இரண்டு

மார்ச் 3, செவ்வாய். காலை 6.40 முதல் 7.25 வரை. பதினொன்று.

பதினொன்றும் அண்ணன் தன்னையே அடித்துக்கொண்டது: வலது கை, மூடிய முஷ்டி, வலது நெற்றிப் பொட்டு. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே நாலு நிமிடம் கிடைத்தது. அதற்குள் அண்ணனுக்குப் பல் தேய்த்துவிட்டேன். எனக்குத் தேய்க்க நேரமில்லை. வேலைக்குப் போய், குழாயடியில் விரலால் தேய்த்தேன்.

அண்ணனுக்கு முப்பத்தொன்று, எனக்கு இருபத்தாறு. அவன் பேசமாட்டான். எடை எண்பத்திரண்டு கிலோ. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, ஒரு ஞாயிறு ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய்த் தராசில் நிறுத்திப் பார்த்தது. அடுத்தவர்களின் தராசும் அழுத்தமானியும் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை விடமாட்டேன் என்பதால் அங்கே எனக்குப் பெயர் 'புள்ளி'.

இன்று இருபது நிமிடம் தாமதம். முதலாளி வாசலிலேயே நின்றார். "ஊர்ல இருக்கற மானியெல்லாம் சரி பண்ற. உன் கடிகாரத்த யாரு சரி பண்றது, புள்ளி?"

உள்ளே போய் உட்கார்ந்தேன். காரணத்தைச் சொன்னால் பரிதாபப்படுவார். அதற்கு வேறு நேரம் ஒதுக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்.

கீழ்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா படியில் மறித்தார். எப்போதும் "மேல கட்டட வேலைக்கு இன்னிக்கு லீவா?" என்று அண்ணன் காலால் தரையை இடிப்பதைக் கிண்டல் செய்வார். இன்று சிரிப்பில்லை.

"உங்கம்மாவுக்குக் கருப்பை இறங்கியிருக்கு. தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"ரெண்டு வருஷமாப்பா. துணியை மடிச்சு வச்சுக் கட்டிக்கிட்டுத்தான் உங்கண்ணனத் தூக்கறாங்க. எங்கிட்ட இடுப்புப் பட்டை தைக்கக் குடுத்தாங்க, அதனால எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளயே இருக்கியே, நீ என்னத்தத்தான் படிச்ச?"

மேலே வந்து அம்மாவைக் கேட்டேன். "அவளுக்கு வாய் நீளம்" என்றாள். பிறகு, "இதையெல்லாம் ஆம்பளப் புள்ளைகிட்ட எப்படிடா சொல்றது?"

நான் வெறும் ஆம்பளப் புள்ளை இல்லை. இந்த வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள். அப்பா போன பிறகு எல்லாக் கோளாறும் என்னிடம்தான் வர வேண்டும். குழாய் ஒழுகினால் சொல்கிறாள். இதைச் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி.

மருத்துவர் சொன்னது: 23ஆம் தேதி அறுவைச் சிகிச்சை. அதன் பிறகு ஆறு வாரம் மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது.

மூன்று கிலோ.

அம்மா மருத்துவரிடமே பேரம் பேசினாள். "தூக்கமாட்டேன் டாக்டர். குளிப்பாட்டறப்ப எந்திரிக்க மட்டும் ஒரு கை குடுப்பேன், அவ்வளவுதான்." அந்த ஒரு கையில் எத்தனை கிலோ ஏறும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு.

காலை ஒன்பது. மாலை நாலு. மொத்தம் பதின்மூன்று.

எண்ணுவதுதான் என் முதல் வேலை. ஏழு வயதில் அம்மா ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்து அவன் எதிரில் உட்கார வைத்தாள். அவன் ஒருமுறை அடித்துக்கொண்டால் ஒரு கோடு. ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். "டாக்டருக்கு வேணும்" என்றாள். தெருவில் எல்லாரும் பந்து விளையாடினார்கள். நான் கோடு போட்டேன். அவர்கள் யாருக்கும் கிடைக்காத பொறுப்பு எனக்குக் கிடைத்ததாக ஒரு திமிர்கூட இருந்தது. பத்து வயதில் அது போய்விட்டது. கோடு போகவில்லை.

இன்று அதிகமானதற்குக் காரணம் தெரியும். மானி கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது, எடுத்துக் கொடுக்க நாற்பது நிமிடமானது. ஆய்வகத்தில் கழித்துப் போட்ட பழைய அழுத்தமானி அது. ரப்பர் பந்தை அமுக்கினால் முள் ஏறும், விட்டால் இறங்கும். ஆனால் பூஜ்யத்துக்கு வராது, இரண்டிலேயே நிற்கும். அதனால்தான் கழித்தோம். அண்ணன் அமுக்குவான், விடுவான், முள் இரண்டில் நிற்கும், விரலால் பக்கவாட்டில் தட்டுவான், பூஜ்யத்துக்கு வந்துவிடும். மறுபடி அமுக்குவான். அது கையில் இருக்கும்வரை நெற்றிக்குக் கை போகாது.

நாங்களும் அப்படித்தான் தட்டுவோம். முள் சிக்கினால் முதலில் தட்டிப் பார்ப்பதுதான் வழக்கம்.

தன் தலையை அவன் எதற்குத் தட்டுகிறான்? உள்ளே எது பூஜ்யத்துக்கு வராமல் நிற்கிறது? நான் கேட்டு, எனக்கே பதில் தெரியாத கேள்வி இது ஒன்றுதான்.

மார்ச் 10, செவ்வாய்.

அரை நாள் விடுப்பு. இல்லத்துக்குப் போனேன். சுத்தமாக இருக்கிறது. மூத்திர வாடை இல்லை, அதைத்தான் முதலில் பார்த்தேன். பொறுப்பாளர் அம்மா ஐம்பது வயதுக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுகிறார். பிடித்தது.

"தன்னத்தானே அடிச்சுக்குவாரா?"

"அடிச்சுக்குவான்."

"ஒரு நாளைக்கு மூணு தடவைக்கு மேல போச்சுன்னா தனி ஆள் போடணும் தம்பி. கீழ்த்தளத்துல அப்படி நாலு இடம்தான் இருக்கு, எட்டு மாசத்துக்கு நிரம்பியாச்சு. மூணுக்குள்ளன்னா மாடியில பொது அறையில ஒரு கட்டில் காலி. ரெண்டு வாரப் பதிவோட படிவத்தக் குடுங்க."

எட்டு மாதம். அறுவைச் சிகிச்சைக்குப் பதின்மூன்று நாள்.

மார்ச் 12, வியாழன்.

இரண்டு வாரப் பதிவு கேட்கிறார்கள். பத்தொன்பது வருடத்துக்கு இருக்கிறது. ஒரு பக்கம்கூடக் கொடுக்க முடியாது.

மார்ச் 13, வெள்ளி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆய்வக மேசையிலேயே, எழுதி முடித்தேன்.

பொய் அளவீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சோதிக்காமல் எழுதுபவன் ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் எண்களாகப் போடுவான். எல்லா நாளும் ஒரே மாதிரி எழுதுவான். ஒரே பேனா, ஒரே அழுத்தம். இது தெரிந்தவனுக்கு, எப்படி எழுதக்கூடாது என்பதும் தெரியும். 2, 1, 3, 2, 0, 3, 2... காலை 6.52. மாலை 5.17. மூன்று பேனா மாற்றினேன். ஒரு நாளை அடித்துத் திருத்தினேன். சராசரி இரண்டு. எந்த நாளும் மூன்றைத் தாண்டவில்லை.

'எப்போதும் உடன் வைத்திருக்கும் பொருள்' என்ற இடத்தில் 'இல்லை'. மானி என்று எழுதினால், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள்.

போன வருடம் இங்கே ஒருவர் பன்னிரண்டு தராசுகளைத் திறந்துகூடப் பார்க்காமல் சான்றிதழ் எழுதினார். கண்டுபிடித்தது நான். முதலாளியிடம் சொன்னதும் நான். அன்று மாலையே அவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்தார். அவர் வீட்டில் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

மார்ச் 16, திங்கள்.

போன் வந்தது. இடம் உறுதி. "உங்க பதிவு அவ்வளவு தெளிவா இருக்கு தம்பி. மணி நிமிஷத்தோட யாரும் இப்படி எழுதிக் குடுத்ததே இல்ல" என்றார் பொறுப்பாளர் அம்மா.

நன்றி என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்.

பதினான்கு.

மார்ச் 21, சனி.

விட்டுவிட்டு வந்தேன்.

அம்மா வரவில்லை. பையை அவளே கட்டினாள்: ஏழு சட்டை, ஏழு கால்சட்டை, துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே மானி. "இத மட்டும் கையிலயே குடுத்துடச் சொல்லு" என்றாள். அவளுக்குப் படிவத்தில் நான் எழுதியது தெரியாது.

இல்லத்து வாசலில் பையைச் சோதித்த பராமரிப்பாளர் நரைமீசைக்காரர், தாட்டியான ஆள். மானியை எடுத்துப் பார்த்தார். "முகப்புல கண்ணாடி இருக்கே, உள்ள விடமாட்டாங்க. இது அவருக்கு வேணுமா தம்பி? வேணும்னா கேட்டுப் பாக்கறேன்."

பொறுப்பாளர் அம்மா பக்கத்தில் நின்றார்.

"சும்மா வச்சிருப்பான். தேவையில்ல" என்றேன்.

மானியை வாங்கி என் தோள்பையில் போட்டேன். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பராமரிப்பாளர் கையைப் பிடித்ததும் நாலு படி ஏறினான். பிறகு இறங்கி வந்து என் தோள்பை மேல் கையை வைத்தான். இழுக்கவில்லை. வைத்தான், அவ்வளவுதான். உள்ளே இருப்பது தெரியும் என்கிற மாதிரி.

அவன் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஐந்து.

மார்ச் 23, திங்கள்.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. கோளாறு இல்லை. கண் திறந்ததும் "அவன் சாப்டானா?" என்றாள். சாப்பிட்டான் என்றேன். அதுவும் தெரியாமல் சொன்னதுதான்.

மார்ச் 25, புதன்.

எட்டு மணிநேரம் தூங்கினேன். உடம்புக்கு வெட்கமே இல்லை.

இல்லத்துக்குப் போன் செய்தேன். வேறு யாரோ எடுத்தார்கள். "கொஞ்சம் அடம் பிடிக்கறாரு. போகப் போகப் பழகிடும்."

"எத்தனை தடவை அடிச்சுக்கறான்?"

"எண்ணலையே சார். ரெண்டுன்னுதான நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க?"

மார்ச் 27, வெள்ளி. காலை 10.15.

ஜன்னல் கண்ணாடி. தலையால் இடித்திருக்கிறான். கையால் இல்லை, தலையால். ஒன்பது தையல். புருவத்துக்கு மேலே. கண்ணுக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள் — அரை அங்குலம், அரை அங்குலம்தான் — வீக்கம் வடிந்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்வார்களாம்.

ஏன்டா. ஏன்டா தலையால. வீட்ல ஒருநாளும் தலையால இடிச்சதில்லையே.

வீட்ல கையில மானி இருந்துச்சு. இப்ப என் பையில கிடக்கு. ஏழு நாளா என் பையில தூக்கிக்கிட்டுத் திரியறேன்.

மார்ச் 28, சனி.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தையல்கார அக்கா பார்த்துக்கொள்கிறார். அண்ணனைப் பற்றி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணன் இருக்கும் மருத்துவமனைக்குப் பொறுப்பாளர் அம்மா வந்தார். கண் சிவந்திருந்தது. "எங்க தப்புதான் தம்பி. அந்தப் பராமரிப்பாளர் அவர விட்டுட்டு ஆறு நிமிஷம் நகர்ந்திருக்காரு. அவர நிறுத்திட்டோம். ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொல்லியாச்சு. தையல் பிரிச்சதும் உங்கண்ணன் அங்கயே வந்துடலாம், இடம் அவருக்குத்தான்."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

சொன்னால் இடம் போய்விடும். அம்மாவுக்கு இன்னும் ஐந்து வாரம். நான் வேலைக்குப் போனால் குளிப்பாட்டுவது யார்?

"பரவால்லம்மா" என்றேன். பெரிய மனசு என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 30, திங்கள்.

அந்த நரைமீசைப் பராமரிப்பாளர் மருத்துவமனைக்கு வந்தார். வேலை போன மனுஷன் நாலு வாழைப்பழத்தோடு வந்து, உரித்து, சின்னச் சின்னத் துண்டாக அண்ணனுக்கு ஊட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டான். புது ஆள் கையில் அவன் வாங்கவே மாட்டான்.

"என் மேல கோவமா தம்பி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அன்னிக்குக் காலையில மூணு தடவ கையால அடிச்சுக்கிட்டாரு. பக்கத்துலயேதான் நின்னேன். உங்க தாள சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம்ல, மூணுக்கு மேல போனதே இல்லன்னு இருந்துச்சு. சரி, ஓஞ்சிட்டாருன்னு நினைச்சேன். எட்டுப் பேரு எனக்கு. ஒருத்தரு குளியலறையில வழுக்கி விழுந்து கத்தறாரு. ஓடினேன்." பழத்தோலை மடித்துக்கொண்டே இருந்தார். "பதினேழு வருஷம் தம்பி. ஒருத்தர் மேலயும் ஒரு கீறல் விழுந்ததில்ல."

நான் எழுதியதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 31, செவ்வாய்.

வேலையில் நாலு சான்றிதழ். ஒன்றிலும் கையெழுத்துப் போட முடியவில்லை. பேனாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முதலாளி வந்து, "என்ன புள்ளி, மை தீந்துடுச்சா?" என்றார்.

ஏப்ரல் 1, புதன்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். பதினொன்று, இரண்டு, மூன்று பேனா, மானி, ஒன்பது தையல், நரைமீசைக்காரர்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

"டாக்டர் எண்ணச் சொல்லவே இல்லடா" என்றாள்.

"எந்த டாக்டர்?"

"அப்போ. நீ ரெண்டாங் கிளாஸ்ல. எந்த டாக்டரும் கேக்கல. நான் ஒருத்தர்கிட்டயும் அந்த நோட்டக் காட்டினதும் இல்ல."

"அப்ப எதுக்கு?"

"அவன் அடிச்சுக்க ஆரம்பிச்சா நீ ஓடிப்போய் மொட்டமாடித் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவ. சாயங்காலம் வரைக்கும் வரமாட்ட. எண்ணுன்னு சொன்னா உக்காருவன்னு தெரியும். கணக்குன்னா உனக்கு அப்பவே உசுரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். தையல் இழுத்திருக்கும். "எண்ணறவன் பக்கத்துலயேதான இருந்தாகணும்."

பத்தொன்பது வருடம். இருபத்திரண்டு நோட்டு. யாரும் படிக்காத பதிவு.

கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தது எனக்கு ஞாபகமே இல்லை. கோடு போட்டது மட்டும்தான் ஞாபகம். நான் நல்ல தம்பி என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்குப் போய்ச் சொல்லிடு" என்றாள்.

"இடம் போயிடும்மா."

"போகும்."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கும் தெரியலடா. அந்த ஆளு பாவம்டா."

ஏப்ரல் 2, வியாழன்.

கடைசி நோட்டை எடுத்துப் போனேன். மார்ச் மாதத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். பொறுப்பாளர் அம்மா முழுக்கப் படித்தார், ஒரு நாளையும் விடாமல். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் கம்மியாத்தான் எழுதுவாங்க தம்பி. இது எனக்குப் புதுசில்ல. அஞ்சு இருந்தா ஒண்ணும்பாங்க. ரெண்டுன்னு எழுதினா நான் ஆறுன்னு எடுத்துக்குவேன், அதுக்குத் தகுந்த மாதிரிதான் ஆள் போடுவேன். இருபது வருஷமா அப்படித்தான்." என் பொய்ப் பதிவை உறையிலிருந்து எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஓரத்தில் ஒட்டுநாடா இருந்தது, சுவரிலிருந்து பிய்த்தது. "உங்களோடத மட்டும்தான் அப்படியே நம்பினேன். ஆறு அம்பத்திரண்டுன்னு எழுதறவன் பொய் சொல்லுவானா?"

திட்டியிருக்கலாம்.

பராமரிப்பாளரை அப்போதே என் எதிரில் போனில் கூப்பிட்டார். "திங்கக்கிழமை வந்துடுங்க. காரணம் வந்ததும் சொல்றேன்." போனை வைத்துவிட்டு, அண்ணனின் படிவத்தில் மாடி என்பதை அடித்துக் கீழ்த்தளம் என்று எழுதினார். காத்திருப்போர் வரிசையில் பதினான்காவது. எட்டு மாதம்; ஒன்பதும் ஆகலாமாம்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். மூன்று பேருந்தை விட்டேன். அழுதேனா என்றால், ஆம். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

ஏப்ரல் 4, சனி.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். கண் நன்றாகத் தெரிகிறது, மருத்துவர் உறுதியாகச் சொன்னார்.

மானியின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டிப் பொருத்தினேன். பதினான்கு நிமிடம் ஆனது. அன்று இல்லத்து வாசலில் என் பையில் திருப்புளி இருந்தது. எப்போதும் இருக்கும்.

கொடுத்ததும் அமுக்கினான். முள் ஏறியது. விட்டான். இரண்டில் நின்றது. தட்டினான்.

அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனாள். நான் பார்த்த பார்வையில் மறுபடி படுத்துவிட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு. காலை 6.40 முதல் 7.30 வரை. எட்டு.

செய்ய வேண்டியவை:

1. நாளை முதலாளியிடம் மதியத்துக்குப் பிறகு மட்டும் பாதி நாள் வேலை கேட்க வேண்டும். காரணத்தையும் சொல்ல வேண்டும், பரிதாபப்பட்டாலும் பரவாயில்லை. முடியாது என்றால், வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி சின்னத் தராசுகளைக் கேட்பது. அதுவும் முடியாது என்றால் — தெரியவில்லை.

2. நிலைக்கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி இரண்டையும் கழற்றித் தையல்கார அக்கா கடையில் வைக்க வேண்டும். அவருக்குக் கண்ணாடி வேண்டுமாம். "கட்டட வேலை இப்ப இடிக்கற கட்டத்துக்கு வந்தாச்சா?" என்றார்.

3. குளியலறையில் கைப்பிடிக் கம்பி. இரண்டு. எண்பத்திரண்டு கிலோ தாங்க வேண்டும். நூற்றிருபதுக்குச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அவனைப் பிடிக்க விடுவது.

4. எண்பத்திரண்டு கிலோ ஆளை இடுப்பு ஒடியாமல் தூக்குவது எப்படி என்று பராமரிப்பாளரிடம் கேட்க வேண்டும். போனில் வேண்டாம், நேரில் போய்.

5. போன வருடம் டிபன் டப்பாவோடு போனவரின் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. கூப்பிட வேண்டும். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தால் கூப்பிடமாட்டேன்.

6. அம்மா ஒரு கை கொடுக்கிறாளா என்று கவனிக்க வேண்டும். கொடுப்பாள்.

7. இருபத்திரண்டாவது நோட்டில் மூன்று பக்கம்தான் பாக்கி. புது நோட்டு ஒன்று, கோடு போட்டது.

8. நாளை காலை 6.40. அவன் எதிரில் இல்லை, பக்கத்தில்.